உட்காரச் சொன்ன பூங்கனி

கோலப்பனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், இனி நான் எழுதுவதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து வாசிக்கலாம். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணல் அள்ளிக் கப்பலேற்றிய ஒரு சின்னக் கம்பெனியில் அவர் சூப்ரண்டு. நான் அவர் சொல்வதை எழுதும் கிளார்க்கு. அவர் வாயில் வந்ததையெல்லாம் பதினோரு வருஷம் நல்ல கையெழுத்தில் எழுதினேன். அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம்தான்.

ஆனால் இது பூங்கனியின் கதை. மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். புருஷன் யோவான் பனையேறி. 1926-ல் பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்துவிட்டான். மறுவாரமே அவள் ஓலைக் கடவத்தை எடுத்துக்கொண்டு மணல் சுமக்க வந்துவிட்டாள். மூன்று வருஷத்தில் அறுபது பெண்களுக்கு மேஸ்திரியானாள். அவளை யாரும் பெரிதாகத் தேர்ந்தெடுக்கவில்லை. பெண்கள் எதற்கெடுத்தாலும் அவளிடமே போய்க் கேட்டுக்கொண்டிருந்ததால், அப்போதிருந்த சூப்ரண்டு அதற்கு ஒரு பெயர் வைத்தார், அவ்வளவுதான்.

காலையில் வேலை தொடங்குமுன் ஒருதரம் எல்லோரையும் சுற்றி வருவாள். யாருக்குக் காய்ச்சல், யாருக்குக் காலில் முள், யார் வீட்டில் சண்டை என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். கைக்குழந்தைக்காரி சாக்குத் தைக்கப் போவாள். புதிதாக வந்தவள் இரண்டு பழைய ஆட்களுக்கு நடுவே நடப்பாள். அவள் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒருநாள் மூட்டை கிழிந்து மணல் கொட்டியதற்கு இரண்டு பெண்கள் ஒருத்தி கொண்டையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். பூங்கனி வந்தாள், குனிந்தாள், சிந்திய மணலைத் தானே அள்ளத் தொடங்கினாள். சண்டை போட்டவர்கள் கொண்டையை விட்டுவிட்டு அவர்களும் உட்கார்ந்து அள்ளினார்கள்.

கப்பல் ஏற்றும் நாளில்தான் அவள் கெட்டிக்காரத்தனம் தெரியும். கப்பல் வருவது பக்கத்துக் குளச்சலுக்கு. அங்கேயும் அது கரைக்கு வராது. அலைக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கே மூட்டை அடுக்கிய கொட்டகையிலிருந்து பெண்கள் தலைச்சுமையாக மூட்டையைக் கொண்டுபோய்க் கடலோரத்தில் வள்ளத்தில் ஏற்ற வேண்டும். கருமணல் மூட்டை பார்க்கச் சின்னது, தூக்கினால் கழுத்து உள்ளே போய்விடும். வள்ளம் அலையில் அதிக நேரம் நிற்க முடியாது. மூட்டையும் ஈர மணலில் கிடக்கக் கூடாது. நனைந்த மூட்டையைக் கப்பல்காரன் திருப்பி அனுப்பிவிடுவான்.

அதனால் வள்ளம் கப்பலருகே நிற்கும்வரை எல்லோரும் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று பூங்கனி வைத்திருந்தாள். வள்ளத்தின் முகம் கரைப்பக்கம் திரும்பியதும் எழுந்து மூட்டையை ஏற்றி நடக்க வேண்டும். போகிற வழி வேறு, வருகிற வழி வேறு. வள்ளம் தரை தட்டும்போது முதல் மூட்டை அங்கே இருக்கும். கடைசி மூட்டை ஏறியதும் திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்துகொள்வார்கள். யாரும் யாருக்காகவும் காத்து நிற்பதில்லை. பூங்கனியும் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

1931-ல் கோலப்பன் வந்தார். கழுத்தில் விசில் தொங்கியது. வேலை தொடங்க ஒரு ஊதல், நிறுத்த இரண்டு, வேகமாக நடக்க மூன்று. முப்பத்தொரு விதிகள் எழுதிய பலகை ஒன்றையும் யார்டு வாசலில் மாட்டினார். அதில் பதினேழாவது விதி, வேலை நேரத்தில் பலகையை வாசித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பது. பெண்கள் எழும்புவதைப் பார்த்து அவர் ஊதுவார். தாம் ஊதியதால்தான் எழும்பினார்கள் என்று மனதார நம்பினார். மனுஷன் அப்படியே நம்பிக்கொண்டு இருந்திருக்கலாம்.

1933 தை மாதம் அவர் கண் பூங்கனி மேல் விழுந்தது.

"ஏட்டி, நீ இஞ்ச என்ன வேல பாக்கிய?"

"பாத்துகிட்டு இருக்கேன் ஐயா."

"என்னத்த?"

"வள்ளத்த."

அன்று சாயங்காலமே உத்தரவு எழுதச் சொன்னார். 'மேற்படி ஸ்திரீ எந்த வேலையும் செய்வதாகத் தெரியவில்லை. அவள் ஒன்றும் செய்யாமலே காரியங்கள் ஒழுங்காக நடக்கின்றன. ஆகையால் மேஸ்திரி பதவி தேவையில்லை.' நானும் எழுதினேன். மறுநாள் பூங்கனிக்கு வாசித்துக் காட்டியதும் நான்தான். அழுவாள் என்று பயந்துகொண்டு நின்றேன்.

"செல்லபாய்க்கு இது எட்டாம் மாசம் சாரே. அவள தைக்கதுலயே இருத்துவியளா?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.

மாசியில் ஒரு கப்பல், பங்குனியில் ஒரு கப்பல். இரண்டும் ஒரு குறையில்லாமல் நிறைந்து போயின. பெண்கள் அவள் பழக்கிய வழியிலேயே எழுந்தார்கள், நடந்தார்கள், உட்கார்ந்தார்கள். கோலப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. மேஸ்திரி இல்லாமலே எல்லாம் நடக்கிறது என்று தலைமை ஆபீசுக்கு இரண்டு கடிதம் எழுதவைத்தார். செல்லபாய்க்குத்தான் பொறுக்கவில்லை.

"நாங்க தடுமாறினாத்தானே எக்கா ஒன்ன திரும்ப மேஸ்திரியா வைப்பாவ? நாலு மூட்டய தண்ணியில தள்ளி விட்டா என்ன?"

"தள்ளுனா கப்பக்காரன் வேற கரைக்குப் போவான். பொறவு எனக்கு என்ன மேஸ்திரி வேல, ஒனக்கு என்ன தைக்க வேல?" என்றாள் பூங்கனி.

வைகாசியில் தலைமை ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. மழைக்காலத்துக்கு முன் கடைசிக் கப்பல் வருகிறது, சனிக்கிழமை சூரியன் விழுந்ததும் அது போய்விடும், ஆயிரத்து இருநூறு மூட்டையும் ஏறவில்லையென்றால் யார்டை மூடிவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். கீழே இன்னொரு வரி. 'மேஸ்திரி இல்லாமலே வேலை இவ்வளவு ஒழுங்காக நடப்பதால், சூப்ரண்டு அன்றாடம் செய்யும் வேலை என்ன என்பதை விவரமாக எழுதவும்.'

கோலப்பன் அந்தக் கடைசி வரியை மூன்றுதரம் வாசிக்கச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் பரம சந்தோஷம். அது நீடிக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் தாம் எவ்வளவு தேவையான ஆள் என்பதைக் காட்டப் புறப்பட்டார். யாரும் உட்காரக் கூடாது, நிறுத்தாமல் சுமக்க வேண்டும் என்று உத்தரவு. மூன்று ஊதல், மறுபடி மூன்று ஊதல். வள்ளம் கப்பலருகே கிடக்க, கரையில் மூட்டை மலையாகக் குவிந்தது. பெரிய அலை ஒன்று வந்து அதில் முப்பது மூட்டையை நனைத்தது. போகிறவர்களும் வருகிறவர்களும் ஒரே வழியில் முட்டிக்கொண்டார்கள். வள்ளம் வந்து சேர்ந்தபோது பெண்கள் எல்லோரும் வெயிலில் வதங்கி, ஏற்றிவிடத் தெம்பில்லாமல் நின்றார்கள். வள்ளக்காரர்கள் கத்த, கோலப்பன் பதிலுக்கு ஊத, பத்து மணிக்குள் கரை சந்தையாகிவிட்டது. முந்நூறு மூட்டைகூடப் போயிருக்காது.

கோலப்பன் வள்ளக்காரர்களின் தலைவன் இஞ்ஞாசியிடம் ஓடினார். கப்பல்காரனிடம் கெஞ்சி ஒருநாள் கூடுதலாக வாங்கலாம், நாளைக்கும் வள்ளம் இறக்க முடியுமா என்று கேட்டார்.

"நாளைக்கு ஞாயிற்றுக்கெழம. எங்க அப்பன் காலத்துலேருந்து ஞாயிற்றுக்கெழம நாங்க கடல்ல எறங்குனதில்ல. ஊரையே எழுதித் தந்தாலும் எறங்க மாட்டோம், கேட்டியளா?" என்று சொல்லிவிட்டு இஞ்ஞாசி துடுப்பை எடுத்துக்கொண்டு மறுபடி வள்ளத்தில் ஏறிவிட்டான்.

கோலப்பன் மறுபடி ஊதிப் பார்த்தார். விசிலில் வெறும் காற்றுதான் வந்தது. அப்போது பூங்கனி தலைமூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவரிடம் வந்தாள்.

"ஐயா, இந்தக் கப்பலு சொல்லாம கொள்ளாம போயிட்டா நம்ம கதி என்னாவும்? அத பாக்கதுக்கு ஒரு பெரிய ஆளு வேணும். நீங்க அந்த மணல்மேட்டுல ஏறி, கண்ண எடுக்காம கப்பல மட்டும் பாத்துகிட்டு நில்லுங்க. அது எடத்த விட்டு அனங்கினா ஊதுங்க."

கேலி செய்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. காலில் முள் குத்தியவளுக்கு வேலை பார்த்துக் கொடுப்பாளே, அதே முகம். கோலப்பன் மறுபேச்சில்லாமல் மேட்டில் ஏறினார்.

பிறகு பூங்கனி பெண்களிடம் ஆறே வார்த்தை பேசினாள். "எல்லாரும் மொதல்ல நெழல்ல இரிங்க. தண்ணி குடிங்க." பெண்கள் உட்கார்ந்தார்கள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது, இவள் உட்காரச் சொல்கிறாளே என்று எனக்கு உயிரே போய்விட்டது. நனைந்த மூட்டைகள் தைக்கிறவர்களிடம் போயின, உலர்ந்த மணல் மாற்றித் தைக்கப்பட்டது. இஞ்ஞாசியின் வள்ளம் கரைப்பக்கம் திரும்பியது. பெண்கள் எழுந்தார்கள். அப்புறம் அன்று முழுவதும் அந்தக் கரையில் அலைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

கடைசி மூட்டை ஏறும்போது சூரியன் தண்ணீரைத் தொட இன்னும் ஒரு சாண் இருந்தது. கோலப்பன் அப்போதும் மேட்டில் நின்றார். கப்பல் அனங்கவே இல்லை, பாவம், அவர் ஊதவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து தலைமை ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. கோலப்பன் அறுபது பெண்களையும் நிறுத்திவைத்து என்னை உரக்க வாசிக்கச் சொன்னார். கப்பல் கேப்டன் தூரக்கண்ணாடியில் பார்த்தாராம். காலையில் கரையில் ஒரே குழப்பமாம். பிறகு சூப்ரண்டு உயரமான இடத்தில் ஏறி, கூச்சல் இல்லாமல், ஆடாமல் அசையாமல், நாள் முழுவதும் நின்றே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினாராம். இப்படி நிதானமான மேற்பார்வையைத் தாம் எந்தக் கரையிலும் கண்டதில்லை என்று கம்பெனிக்கு எழுதியிருந்தார். யார்டு தொடர்ந்து நடக்கும், சூப்ரண்டுக்கு உயர்வு, இப்படிப்பட்டவர் இருக்கையில் மேஸ்திரி பதவி இனி எக்காலத்திலும் வேண்டியதில்லை என்று கடிதம் முடிந்தது.

மத்தியானம் செல்லபாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பின்னால் பத்துப் பேர்.

"சாரே, உள்ளத ஆபீசுக்கு எழுதுங்க. எங்க அக்காதான் ஏத்தினான்னு எழுதுங்க."

எழுதியிருக்க வேண்டும். எழுதினால் என் வேலை போய்விடும் என்று பயம். தலையைக் குனிந்துகொண்டேன்.

பூங்கனி கஞ்சிச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். "எழுதாண்டாம் சாரே," என்றாள். "எழுதினா அவரு மேட்ட விட்டு எறங்கி வந்திருவாரு. ஒங்களுக்கு அது வேணுமா மக்களே?"

செல்லபாய்தான் முதலில் திரும்பி நடந்தாள்.

புரட்டாசியில் அடுத்த கப்பல் வந்தது. கோலப்பன் யாரும் சொல்லாமலே மேட்டில் ஏறினார். பூங்கனி மூட்டையைத் தலையில் ஏற்றினாள். மேஸ்திரி வேலையைச் சுமைக்கூலிக்கு அவள் இன்னும் ஒன்பது வருஷம் பார்த்தாள். நான் ஒவ்வொரு கப்பலுக்கும், 'சூப்ரண்டின் நிதானமான மேற்பார்வையில் வேலை நிறைவேறியது' என்று நல்ல கையெழுத்தில் எழுதினேன்.