தாத்தாவாக நான் நின்ற போட்டோ

போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பியவர் எங்கள் தாத்தா. கடைசிவரை ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அப்படியும் ஐம்பதைத் தாண்டவில்லை. கண்டோன்மெண்டில் ஒரு துரை வீட்டு பட்லர், மகா கோபக்காரர். எங்களுக்குத் தெரிந்த குடும்ப வரலாறு இவ்வளவுதான். அந்தக் கோபம் மட்டும் சிந்தாமல் சிதறாமல் எனக்கு வந்துவிட்டதாக என் மனைவி சொல்வாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் ஆஸ்டின் டவுனில் குடியிருந்தோம். மகளுடைய பள்ளியில், குடும்ப வரலாற்றை ஒரு ஆல்பமாக ஒட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள், பக்கத்துக்கு ஒரு தலைமுறை. என் படம் இருந்தது. என் அப்பா ரிடையர் ஆன அன்று எடுத்த படம் இருந்தது. அதற்கு முந்தைய பக்கம் வெறும் தாள்.

"துரை வீட்டுக் கரண்டி ஒண்ணு வரைஞ்சு ஒட்டிடு" என்றேன்.

"எல்லாரும் கொள்ளுத்தாத்தாவ ஒட்டுறாங்க, நான் மட்டும் கரண்டியா?" என்று அழ ஆரம்பித்தாள்.

யோசனை சொன்னது மனைவிதான். "ஒரே ரத்தம்தானே, நீங்களே தாத்தாவா நில்லுங்க."

தலைப்பாகைக்கு அவளுடைய பட்டுப்புடவை. எதிர்வீட்டு பேண்டு வாத்தியக்காரர் கல்யாண ஊர்வலங்களில் போடும் பித்தளைப் பொத்தான் கோட்டு இரவலாக வந்தது. மீசைக்குக் கண்மை. அந்தக் கோலத்தில் நடந்து போக முடியாது என்று ஆட்டோ பிடித்தால், யாருக்குக் கல்யாணம் என்று ஆட்டோக்காரர் வழியெல்லாம் விசாரித்தார். அந்த எரிச்சலோடுதான் கேமராவுக்கு முன்னால் நின்றேன். சிரிக்கச் சொல்லி ஸ்டுடியோக்காரர் விடவில்லை. "ஸ்மைல் மாடி சார், ஸ்மைல் மாடி" என்று உயிரை எடுத்தார். உதட்டை மட்டும் விரித்துக் காட்டினேன்.

கருப்பு வெள்ளையில் வந்த படத்தை மகள் டீ டிக்காஷனில் நனைத்து வெயிலில் உலர்த்தினாள். ஒரே மத்தியானத்தில் நான் பழங்காலத்து ஆசாமி ஆகிவிட்டேன். ஒரு கோளாறுதான். கையிலிருந்த வாட்சைக் கழற்ற மறந்திருந்தேன். படத்துக்குக் கீழே, "கொள்ளுத்தாத்தா, நடித்தவர் என் அப்பா" என்று அவள் இங்கிலீஷில் நேர்மையாக எழுதிவைத்தாள்.

பள்ளிக்கூடத்தில் சபாஷ் வாங்கி ஆல்பம் வீட்டுக்குத் திரும்பிய வாரம், மல்லேஸ்வரத்திலிருந்து அத்தை வந்தார். என் அப்பாவின் அக்கா. தாத்தாவை நேரில் பார்த்தவர்களில் அவர் ஒருவர்தான் மிச்சம். "அமாவாசைக்கு ஊரெல்லாம் அவங்கவங்க அப்பா படத்துக்குப் படைக்குது, நான் மட்டும் செவுத்தக் கும்பிடறேன்" என்று வருஷக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்தவர். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்தப் பக்கம் வந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அப்பா!" என்றார். பிறகு ஒரே அழுகை.

"அத்தே, அது வந்து..." என்று நான் ஆரம்பித்தேன். கூட வந்திருந்த அத்தை மகன் முந்திக்கொண்டான். "இந்தக் கோட்டு துரை குடுத்ததாத்தான் இருக்கும். வாட்சும் அவருதான் குடுத்திருப்பாரு." அத்தை படத்தைப் பிய்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த அமாவாசைக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். கூடத்தில் நான் பெரிதாக்கப்பட்டு, பிரேம் போடப்பட்டு, நெற்றியில் சந்தனப் பொட்டும் கழுத்தில் சாமந்தி மாலையுமாகத் தொங்கினேன். எதிரே ஊதுவத்தி புகைந்தது. ஆபீஸில் பகுத்தறிவு பேசி எல்லாரையும் அறுக்கிறவன் நான். உயிரோடு இருக்கும்போதே மாலையைப் பார்த்ததும் பகுத்தறிவு எங்கே போனதென்று தெரியவில்லை, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அதுவரை வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்த மனைவிக்கும் முகம் வெளுத்துவிட்டது. "முதல்ல அத கழட்டச் சொல்லுங்க" என்று காதைக் கடித்தாள்.

"கும்பிட்டுக்கோடா" என்றான் அத்தை மகன். என்னை நானே கும்பிட்டேன். படையலில் எனக்குப் பிடித்த மசால் வடை இருந்தது, அதன்மேலும் மனம் போகவில்லை.

அத்தை சமையலறையில் தனியாக இருந்தபோது போய் நின்றேன். "அத்தே, கோச்சிக்காதீங்க. அது தாத்தா இல்ல."

அத்தை அப்பளம் பொரிப்பதை நிறுத்தவில்லை. "வாட்சு கட்டிக்கினு நிக்கிறியேடா. எங்கப்பாவுக்கு மணி பாக்கவே தெரியாது. சிரிக்கவும் தெரியாது."

"அப்புறம் எதுக்கு மாலை?"

"அவரு மூஞ்சி எனக்கு மறந்துபோச்சு கண்ணு. கண்ண மூடினா கத்துற சத்தம்தான் கேக்குது, மூஞ்சி வரமாட்டேங்குது. உன் படத்துல, மூக்குக்கு மேல, கொஞ்சம் வந்துது. அந்தக் கொஞ்சத்துக்குத்தான் மாலை போட்டிருக்கேன். மிச்ச மூஞ்சி உன்னுது, அது நூறு வருஷம் நல்லா இருக்கட்டும். போய் இலையில உக்காரு."

உட்காரவில்லை. கூடத்துக்குப் போய், பிரேம் கண்ணாடிமேல் கையை வைத்து அந்தச் சிரிப்பை மறைத்துப் பார்த்தேன். தாத்தா என்னை முறைத்தார். வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை கும்பிட்டேன்.