பலாபத்வலையில் ஒரு பிரெஞ்சுப் பிரபு

பலாபத்வலையில் எங்கள் பஸ்ஸுக்கு டயர் மாற்றுகிறார்கள். எதிர்க்கடையில் பிளேன் டீ குடித்தபடி, அறுநூறு ஆண்டுகளுக்கு முந்திய பிரெஞ்சுப் பிரபு ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைப் படிக்கிறேன். கடைக்கார அம்மா அட்டைப்படத்தை எட்டிப் பார்க்கிறார்.

“யாருங்க ஐயா இவரு?”

“பிரான்ஸ்காரப் பிரபுங்க. யுத்தத்துல பிடிச்சு இங்கிலாந்துல அடைச்சு வச்சிருக்காங்க.”

“எங்க மகளும் குவைத்துல அப்பிடித்தான். வேல செய்யிற வீட்டுல பாஸ்போர்ட்ட குடுக்க மாட்டேங்குறாங்க. இவரு ஊருக்கு வந்தாருங்களா?”

நான் எந்தப் புத்தகத்தையும் வரிசையாகவே படிப்பவன். இன்று கடைசி அத்தியாயத்தைப் புரட்டுகிறேன்.

“வந்துட்டாருங்க.”

“அப்ப இவளும் வந்துருவா.” கேட்காமலே ஒரு வடை வைக்கிறார்.

பிரபு ஊர் சேருமுன்பே அவருடைய தாய் இறந்துவிட்டார் என்கிறது அடுத்த வரி. புத்தகத்தை மூடிவிட்டு வடையைச் சாப்பிடுகிறேன்.