வாலில்லாத யானை

வாயை அகலத் திறந்து, அடிவயிற்றிலிருந்து “ஹா” என்று ஊதுகிறாள். பேருந்தின் ஜன்னல் வெளிறிப்போகிறது. அதுவரை வெறுமையாக இருந்த கண்ணாடியில் ஒரு நெற்றி முளைக்கிறது. பக்கத்தில் ஒரு மூக்கு நுனி. கீழே, மிட்டாய் தின்ற ஐந்து விரல்கள். காலையில் இறங்கிப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருக்கும். ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் துணியைப் போடுவாள்.

பேருந்துப் பணிமனையில் கண்ணாடி துடைக்கும் இவளுக்கு ஊதலம்மா என்று பெயர் விழுந்தது இப்படித்தான். சோப்புத் தண்ணீர் அடித்து இழுத்துவிட்டால் போதாதா என்று யாராவது கேட்டால் பற்றிக்கொண்டு வரும். “யாரு என்னன்னு பாக்காம தொடச்சுத் தள்ள நான் என்ன மழையா?”

ஒரு வாரத்து நெற்றி எண்ணெயை வழித்தால் தெருவுக்கே விளக்கேற்றலாம் என்பாள். யாரோ விட்ட குறட்டையில் கண்ணாடி அதிர்ந்து, ஒரே நெற்றி நாலு இடத்தில் பதிந்திருந்ததாம். இன்னொரு நாள் உள்பக்கம் ஓர் உதட்டு அச்சு; அதற்கு நேரே வெளிப்பக்கம் இன்னொன்று.

“வண்டி கெளம்பறப்போ குடுத்ததுடி. ஒருத்தி உள்ள, ஒருத்தன் கீழ. அவன் நெட்டையனா இருக்கணும், இல்ல எவனாவது தூக்கிப் பிடிச்சிருக்கணும்” என்று, கூடவே தரை கூட்டுகிறவளிடம் தீர்ப்பு சொன்னாள்.

“தொடச்சுட்டியாக்கா?”

“ஒரு கைய வெளிய நீட்டி, ரெண்டையும் ஒரே நேரத்துல தொடச்சேன். ஒண்ணு மட்டும் தனியா நிக்கக் கூடாது பாரு.”

ஊதுகிற வாய் பேசவும் செய்யும். அந்த வாய்தான் மகளைத் துரத்தியது. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு சண்டையில், “இனி என் மூஞ்சியில முழிக்காத!” என்று கத்தினாள். பிறந்த நாளிலிருந்து அம்மா சொன்ன எதையும் கேட்காத பெண், அதை மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்டுவிட்டாள். இதே ஊரில்தான் எங்கோ இருக்கிறாள் என்று காற்றுவாக்கில் ஒரு செய்தி. முகவரி கிடையாது, தொலைபேசி எண்ணும் மாறிவிட்டது. “போனா போறா, எனக்கென்ன” என்று ஊதலம்மா சொல்லும்போதெல்லாம், தரை கூட்டுகிறவள் துடைப்பத்தைப் பார்த்துக்கொள்வாள்.

போன மழைக்காலத்தில் ஒரு மதியம், கடைசி வரிசை ஜன்னலில் “ஹா” என்றவள் ஓங்கிய துணியோடு நின்றுவிட்டாள். கண்ணாடியில் ஒரு யானை. பின்பக்கம் மட்டும். பெரிய உருண்டை, இரண்டு காது, தூண் மாதிரி இரண்டு கால். வால் இல்லை.

மகளுக்குச் சின்ன வயதில் மூஞ்சி வரைய வராது. மழை நாளில் பேருந்து ஏறினால், ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் யானையின் பின்புறத்தைத்தான் போடுவாள். “வால நீதாம்மா போடணும்” என்பது சட்டம். போடுகிற வரை இறங்கமாட்டாள். அந்த வாலுக்காக இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய், நனைந்துகொண்டே நடந்து திரும்பிய நாளும் உண்டு.

ஆவி மங்கியது, யானை மறைந்தது. ஊதினாள், வந்தது. மறுபடி மறைந்தது, மறுபடி ஊதினாள், மறுபடி வந்தது. இத்தனை பெரிய மிருகம் வெறுங்கண்ணாடிக்குள் ஓசைப்படாமல் நின்றுகொண்டு வந்திருக்கிறதே! அம்மாவின் மூச்சு பட்டால்தான் தெரியும் என்று தெரிந்தே அல்லவா விட்டுப் போயிருக்கிறாள்! ஊதலம்மா இன்னொரு முறை ஊதினாள்.

“என்னக்கா, இப்படி மூச்சு வாங்குது?”

“யானை பாரம்டி.”

ஆள்காட்டி விரலால் வாலைப் போட்டாள். அந்த ஒரு கண்ணாடியை மட்டும் துடைக்காமல் விட்டாள். மேற்பார்வையாளர் வந்து இப்படியும் அப்படியும் சாய்ந்து பார்த்து, “இது தொடச்சாச்சா?” என்றார்.

“உங்க மூக்குக் கண்ணாடிக்கு இது எவ்வளவோ தேவல, சார்.”

மனிதர் அதைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

அதன் பிறகு அந்த வண்டி எப்போது உள்ளே நுழைந்தாலும் முதலில் கடைசி வரிசைக்குத்தான் ஓடுவாள். வால் முளைத்த யானை அப்படியே நிற்கும். சில நாள் எவனோ ஒரு தூங்குமூஞ்சியின் நெற்றி அதன்மேல் சவாரி போயிருக்கும். திட்டிக்கொண்டே துணி நுனியால் அதை மட்டும் ஒற்றியெடுப்பாள். பதில் என்று ஒன்றும் வரவில்லை. வரவர “ஹா” சின்னதாகிக்கொண்டே போனது.

நேற்று மறுபடி மழை. ஊதினாள். அதே யானை, அதே வால். பெருமூச்சு ஒன்று அவளை மீறி வந்து, கண்ணாடியின் அடி ஓரம் வரை படர்ந்தது. அங்கே, இருக்கைக்குச் சற்று மேலே, இன்னொரு யானை. குட்டி. உருண்டை கோணிக்கொண்டிருந்தது. காது மூன்று. கோடெல்லாம் தீக்குச்சி கனம்தான்.

வால் இல்லை.

இருக்கைகளுக்கு நடுவே மண்டியிட்டு, அந்த உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்தாள்.

“கீழ என்னக்கா விழுந்துச்சு?”

“சத்தம் போடாதடி.”

யாரையோ எழுப்பிவிடப் பயந்தவள் போல மெல்ல ஊதினாள். விரலைத் துணியில் நன்றாகத் துடைத்தாள். கண்ணாடி வரை கொண்டுபோன ஆள்காட்டி விரலை மடக்கிக்கொண்டு, சுண்டு விரலால் வாலைப் போட்டாள்.