நாற்காலி போட்ட இடம்

பேச்சு கிடையாது. கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டுவார், அவ்வளவுதான். படத்திலிருக்கும் பச்சைத் தொப்பிக்காரரின் மூக்குக்கு நேராகத் தன் மூக்கை நீட்டிக்கொண்டிருந்த பார்வையாளர் சட்டென்று இரண்டடி பின்வாங்கினார். காலையிலிருந்து இது இருபத்து மூன்றாவது தடவை. கையை உயர்த்தியவர் அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தார். அங்கே ஈ காக்கை இல்லை.

ஓவியக் கூடத்தில் ஏழாம் அறையின் காவலர் அவர். வயது ஐம்பத்து நான்கு. நீலச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து, வலது முழங்காலில் கட்டு. கூட வேலை பார்ப்பவர்களுக்கு 'நாற்காலி அக்கா'. "அம்மா, உனக்கு வேலை படத்துக்கா, நாற்காலிக்கா?" என்று கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் மகள் கிண்டல் செய்வாள். கணவர் முதுகெலும்பு போய்ப் படுக்கையில் இருந்தபடி சிரிப்பார். அந்த வீடு இந்த நீலச் சட்டையில்தான் நிற்கிறது.

பச்சைத் தொப்பிக்காரர் இன்று உலகப் புகழ் பெற்ற ஓவியம். முன்னால் தடித்த கண்ணாடி, அதற்கு முன்னால் சிவப்புக் கயிறு. நுழைவுச் சீட்டிலும் குடையிலும் தேநீர்க் கோப்பையிலும் அதே முகம். அவரைப் பார்க்கவென்றே விமானம் ஏறி வருகிறார்கள். எங்கே நகர்ந்தாலும் அந்தப் பார்வை பின்னாலேயே வருகிறது, அதில்தான் மர்மம் இருக்கிறது என்று வழிகாட்டிகள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அக்கா இதை ஒத்துக்கொள்வதில்லை. "பின்னாடி வர்றது அவரு கண்ணு இல்ல, என் கண்ணு. அதுக்குத்தான சம்பளம் தர்றாங்க." அவரைக் கேட்டால் தொப்பிக்காரருக்குப் பல்வலி.

பதினோரு வருஷத்துக்கு முன்பு இந்தத் தொப்பிக்காரரை நாய்கூடச் சீண்டவில்லை. அப்போது அக்காவின் நாற்காலி வாசலோரம் கிடந்தது. ஏசிக் காற்று நேராக முழங்காலில் வந்து குத்தும். வலி தாங்காமல் ஒருநாள் நாற்காலியைத் தூக்கி எதிர் மூலையில் போட்டுக்கொண்டார். அந்த மூலையில் மாட்டியிருந்தவர் தொப்பிக்காரர். அறைக்குள் நுழைந்தவர்கள் காவலர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள், பிறகு அவர் எதைக் காவல் காக்கிறார் என்று பார்த்தார்கள். நின்றார்கள். நான்கு பேர் நின்ற இடத்தில் நாற்பது பேர் நின்றார்கள். கூட்டம் வந்ததும் கயிறு வந்தது, கயிறு வந்ததும் கண்ணாடி வந்தது, கண்ணாடியைப் பார்த்துப் புத்தகம் எழுதுகிறவர்கள் வந்தார்கள்.

ஒரு வழிகாட்டியிடம் இதைச் சொல்லியும் பார்த்தார். முழங்கால் வலியால் ஓர் ஓவியம் புகழ் பெறுமா என்று அவர் சிரித்துவிட்டுப் போனார். அதன்பின் அக்காவுக்கே சந்தேகம். வெயில் சாய்கிற நேரத்தில் தொப்பிக்காரரின் கன்னத்தில் ஏதோ ஒரு வெளிச்சம் அவருக்கும் தெரியத்தான் செய்கிறது. அது முன்பே இருந்ததா, இத்தனை பேர் பார்த்துப் பார்த்துத் தன் கண்ணிலும் ஒட்டிக்கொண்டதா என்று அவரால் பிரிக்க முடியவில்லை.

எதிர்ச் சுவரில் இருப்பதைப் பற்றி அப்படி ஒரு சந்தேகமும் இல்லை. சின்னப் படம். அடுப்பில் பால் விளிம்புவரை ஏறி நுரைத்து நிற்கிறது. பின்னால் வாசலில் ஒருத்தி எதையோ கீழே போட்டுவிட்டு ஓடி வருகிறாள். அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அக்கா அதைப் பார்த்துப் பதறி ஓர் அடி எடுத்து வைத்துவிட்டார். "இத்தன வருஷமா பொங்கப் போவுது, பொங்கித் தொலைய மாட்டேங்குது." காலையில் விளக்கைப் போட்டதும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மூன்று நாளாகக் கணக்கெடுப்பு நடக்கிறது. எண்ணும் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் அறை நடுவில் நிற்கிறாள். ஒரு படத்தின் முன்னால் பத்து நொடி நிற்பவர் ஒருவர் என்று கணக்கு. மூன்று நாளில் நாற்பது பேர் நிற்காத படம் கீழே கிடங்குக்குப் போகும். கிடங்குக்குப் போன படம் எதுவும் இதுவரை மேலே ஏறியதில்லை. இன்று கடைசி நாள். ஐந்து மணிக்குக் கதவு மூடிவிடும். மூன்றரைக்குப் பால் படத்துக்கு இருபத்தாறு.

"ஏம்மா, நான் போய் நின்னா எண்ணுவியா?"

"காவலருங்க சேர்த்தி இல்லக்கா."

"ஒரு பதினாலு கூட்டிப் போட்டா உன் விரலு தேஞ்சா போயிரும்?"

"விரலு தேயாதுக்கா. வேலை போயிரும்."

அந்தப் பதில் அக்காவுக்கும் பொருந்தும். தொப்பிக்காரரை விட்டு நாற்காலி நகரக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு. பால் படத்தின் முன்னால் இரண்டு நிமிஷம் நின்று தொப்பிக்காரருக்கு முதுகைக் காட்டியதற்கு ஏற்கெனவே ஒரு மெமோ, தாமதமாக வந்ததற்கு ஒன்று. மூன்றாவது வந்தால் வீட்டோடு இருந்துவிட வேண்டியதுதான். மேற்பார்வையாளர் அரைமணிக்கு ஒருமுறை சுற்றி வருவார். இடது காலணி கிறீச்சிடும். அது ஒன்றுதான் அவர் தரும் முன்னறிவிப்பு.

நான்கு மணிக்கு வந்தார், போனார். நான்கு பத்துக்கு இருபத்தேழு. "கீழ கொண்டு போயிட்டா அடுப்ப யாரு பாத்துக்குவா?" என்று அக்கா யாரிடமும் இல்லாமல் கேட்டார். பொத்தான் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான்கு இருபத்தைந்துக்கு ஆறாம் அறையில் பெரிய கூட்டத்தின் காலடிச் சத்தம். இருபது பேருக்குக் குறையாது. வழிகாட்டியின் குரல் இப்போதே தாழ்ந்து கேட்டது.

அக்கா எழுந்தார். முழங்கால் சொடுக்கியது. நாற்காலியை இழுத்தால் சத்தம் வரும். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அறையைக் கடந்து, பால் படத்தின் பக்கத்தில் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏசிக் காற்று முழங்காலில் குத்தியது.

கூட்டம் உள்ளே வந்தது. வழிகாட்டி தொப்பிக்காரரை நோக்கிக் கையை நீட்டினார். முன்னால் வந்த அம்மாள் நாற்காலியைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார், நின்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். பத்து நொடி கழித்துப் பொத்தான் ஒலித்தது. மறுபடியும். மறுபடியும்.

வராந்தாவில் காலணி கிறீச்சிட்டது.

அந்த அம்மாள் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு படத்துக்கு இன்னும் கிட்டே குனிந்தார். அக்கா வாசல் பக்கம் திரும்பவில்லை. கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினார்.