கடைசிப் பந்து விழுந்த இடம்

தப்பும் தவறுமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மளிகைச் சாமான் சீட்டைத் தவிர எதையும் எழுதிப் பழக்கமில்லை. மறதி வேறு. அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டு எதற்கு வந்தோம் என்று யோசிக்கிற வயது. ஆனால் டீமுக்குப் பத்து வருடம் நிறைகிறது, மலர் போடுகிறோம், ராஸ் அல் கைமா டீமை ஜெயித்த மேட்ச்சைப் பார்த்தவர்கள் எல்லோரும் எழுதித் தாருங்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

என் சம்பந்தியம்மா மதுரையிலிருந்து மூன்று பக்கம் எழுதி அனுப்பிவிட்டார். மருமகள் அதைச் சத்தமாகப் படித்தாள். நான் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டேன். "எங்க அம்மா எப்படி எழுதியிருக்காங்க பாத்தீங்களா அத்தை?" என்றாள். "ம், நல்லா இருக்கு" என்றேன். வயிறு எரிந்தது. மறைப்பானேன்.

எங்கள் டீம் என்றால் துபாய் சத்வாவில் எங்கள் கட்டடத்திலும் அக்கம்பக்கத்திலும் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகள். ஆபீஸ் வேலை, மொபைல் கடை, தையல் கடை என்று எல்லாரும் உண்டு. என் மகன்தான் கேப்டன். அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமைதான் லீவு. விடிவதற்கு முன்னால் எழுந்து பதினைந்து பேருக்கு எலுமிச்சம்பழ சாதம் கிளறுவேன். பிளாஸ்க்கில் டீ, ஒரு டப்பா நிறைய ஊறுகாய். கிரவுண்டில் என் நீல மடக்கு நாற்காலியை விரித்து, முட்டிவலிக்காக ஒரு தலையணையை அடியில் போட்டுக்கொண்டு உட்காருவேன். வாய் திறக்க மாட்டேன். எனக்குக் கூச்சம். கை தட்டுவதுகூட மடிக்குள்தான்.

ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் செய்கிற கம்பெனி ஒன்றின் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வரும் டீம்தான் எங்களுக்கு எமன். அவர்களும் நம் ஊர்ப் பிள்ளைகள்தான். அடித்தால் பந்து கிழியும். இரண்டு வருடம் தொடர்ந்து செமிஃபைனலில் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் வருடமும் செமிஃபைனலில் அவர்களே வந்து நின்றார்கள்.

அந்த மாதம் பார்த்து சம்பந்தியம்மா விசிட் விசாவில் வந்திருந்தார். ஒரே மாதம். கிரிக்கெட்டில் அவருக்கு ஒன்றும் தெரியாது. "ஏன் மதினி, இந்தப் பக்கமும் ஓடுறாங்க, அந்தப் பக்கமும் ஓடுறாங்க, யாரு யாரை விரட்டுறது?" என்று என்னிடம் கேட்டார். நான்தான் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன். எழுதி அனுப்பிய மூன்று பக்கத்தில் அது இல்லை.

பத்து ஓவர் மேட்ச். அவர்கள் எண்பத்தேழோ எண்பத்தொன்பதோ அடித்தார்கள். ஜும்மா தொழுகைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். நாங்கள் அடிக்க ஆரம்பித்ததும் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தோம். என் மகன் வந்தான், முதல் பந்திலேயே அவுட். போன வருடமும் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது இப்படித்தான் சைபரில் போனான்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் அவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். "யல்லா, சட்டுனு முடிங்கப்பா, பிரியாணி ஆறுது!" என்று ஒருவன். "ஏசி ரூம் தம்பிகளா, வெயில் ஒத்துக்கலையா? குடை வேணுமா?" என்று இன்னொருவன்.

எங்கள் மொபைல் கடைக்காரர் விடுவாரா? "உங்க டைல்ஸ்தாண்டா எங்க வீட்டு பாத்ரூம்ல கிடக்கு. தினமும் மிதிச்சுட்டுத்தான் வர்றோம்!" என்று கத்தினார். அவர்களே சிரித்துவிட்டார்கள். ஆனால் அதற்கடுத்த பந்திலும் ஒரு விக்கெட் விழுந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கிரிக்கெட் பார்க்கிற நம் ஆட்களுக்கு ஒரு சட்டம் உண்டு. நன்றாகப் போகும்போது யாரும் இடம் மாறக் கூடாது. நின்றவர் நிற்க வேண்டும், பாத்ரூமில் இருப்பவர் பாத்ரூமிலேயே இருக்க வேண்டும். மோசமாகப் போனால் யாருடைய ராசி என்று கண்டுபிடித்து இடம் மாற்ற வேண்டும். படித்தவன், படிக்காதவன் எல்லோரும் இதில் ஒன்றுதான்.

மருமகள் விளையாட்டாகத்தான் சொன்னாள். "அத்தை, நீங்க பாக்க ஆரம்பிச்சாலே விக்கெட் விழுது. கண்ணை மூடிக்கோங்களேன்!"

சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவுட்டாகி வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த என் மகனும் சிரித்தான். அவன் 'சும்மா இரு' என்று அவளை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"முட்டி வலிக்குது. நான் போய் கார்ல உட்காருறேன்" என்று எழுந்தேன். யாரும் தடுக்கவில்லை. பத்து அடி நடந்து திரும்பிப் பார்த்தேன். என் நீல நாற்காலியில், என் தலையணையில், சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்த மறு பந்து சிக்ஸர்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எல்லோரும் ஆறு வருடமாகச் சொல்லுகிற கதை. அடுத்த பந்து நான்கு. அதற்கடுத்ததும் நான்கு. சம்பந்தியம்மாவுக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்துவிட்டது. கிரவுண்டில் வசதி கிடையாது, பெட்ரோல் பங்குக்குத்தான் போக வேண்டும். அவர் எழுந்திருக்கப் பார்க்க, என் மகன் ஓடி வந்து, "அத்தை, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன், அசையாதீங்க!" என்றானாம். "மாப்ள, என்னால முடியல" என்றாராம் அவர். "அம்மா, அடக்கு! ரெண்டு ஓவர்தான்!" என்று மகள் தோளைப் பிடித்து அமுக்கினாளாம். அடக்கிவிட்டார். சம்பந்தி அடக்கிய மேட்ச் என்றே அதற்குப் பெயர் ஆகிவிட்டது. இருபது வருடமாகச் சர்க்கரை வியாதிக்காரி நான். அடக்குவது எப்படி என்று என்னைக் கேட்டிருக்கலாம்.

கார் ரோட்டைப் பார்த்து நின்றது. கிரவுண்டு என் முதுகுக்குப் பின்னால். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தம் மட்டும் வரும். இரண்டு பக்கமும் தமிழ்ச் சத்தம்தானே, யார் கத்துகிறார்கள் என்று எப்படித் தெரியும்? கழுத்தைத் திருப்பினால் போதும், பார்த்துவிடலாம். நான் திரும்பவில்லை. கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை. நான் பார்த்து, அதனால் விக்கெட் விழுந்து, என் பிள்ளை மூன்றாம் வருடமும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்துவிட்டால்? எதிரே மண்ணில் கிடந்த ஒரு தண்ணீர் பாட்டில் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மா அசையாமல் உட்கார்ந்தது எல்லோருக்கும் தெரியும். நான் பார்க்காமல் உட்கார்ந்தது யாருக்குத் தெரியும்?

கடைசிப் பந்துக்கு ஐந்து ரன் வேண்டும். அடிக்க நின்றவர் எங்கள் தையல்காரர். ஆள் குறைந்தால் மட்டும் சேர்த்துக்கொள்வோம், பேட்டை இஸ்திரிப் பெட்டி மாதிரிப் பிடிப்பார். இதெல்லாம் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டது. எனக்குத் தெரிந்தது இதுதான்: திடீரென்று சத்தமே இல்லை. பிறகு, திறந்திருந்த கதவுக்குப் பக்கத்தில், வானத்திலிருந்து பொத்தென்று மணலில் ஏதோ விழுந்தது. உருண்டு போய் முன் டயரில் முட்டி நின்றது. டேப் சுற்றிய டென்னிஸ் பந்து.

இறங்கி எடுத்தேன். சூடாக இருந்தது. அதற்குள் பின்னால் ஒரே கூச்சல். இந்த முறை யாருடைய சத்தம் என்று தெரிந்தது. "ஜெயிச்சுட்டோம்டா!" என்று என் மகன் கத்துகிறான்.

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வேகமாகத்தான் நடந்தேன். கொடுக்கத்தான் போனேன், சத்தியமாக. அங்கே போனால் தையல்காரரை ஒரு கூட்டம் தூக்கிக்கொண்டு ஆடுகிறது. இன்னொரு கூட்டம் சம்பந்தியம்மாவை நாற்காலியோடு தூக்கியிருக்கிறது. என் நாற்காலி. ஒரு காலை என் மகன் பிடித்திருந்தான். "இறக்கி விடுங்கய்யா, பெட்ரோல் பங்குக்குப் போகணும்!" என்று அவர் அலற, தோற்றுப்போன ராஸ் அல் கைமாப் பிள்ளைகள்கூடக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நான் வந்ததை யாரும் பார்க்கவில்லை.

"பந்து எங்கடா? அதை எடுத்து வைக்கணும்!" என்று யாரோ கேட்டார்கள். சூரியனுக்கு நேராகப் போனதால் விழுந்த இடம் யாருக்கும் தெரியவில்லை. "ரோட்டைத் தாண்டிருச்சு" என்றார் மொபைல் கடைக்காரர். நாலைந்து பேர் ரோட்டுப் பக்கம் ஓடினார்கள். நான் கையை விரித்திருந்தால் போதும். விரிக்கவில்லை. காலி சாதப் பாத்திரத்துக்குள் பந்தைப் போட்டு மூடினேன்.

வருடத்துக்கு வருடம் அந்தப் பந்து தூரமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. முதலில் ரோட்டைத் தாண்டியது. பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கட்டடத்தைத் தாண்டியது. இப்போது இன்னும் கீழே வரவில்லை என்கிறார்கள். தையல் கடையில் டீம் வாங்கிய கோப்பைகளுக்குப் பக்கத்தில் வேறு ஒரு பந்தை டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். உண்மையான பந்து என் பெட்டியில், பட்டுப் புடவைக்கு அடியில் இருக்கிறது. டேப் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. சம்பந்தியம்மா போன் பண்ணி, அந்தக் கதையை மறுபடியும் சொல்லி எல்லோரும் சிரிக்கிற நாட்களில், கதவைச் சாத்திக்கொண்டு எடுத்துப் பார்ப்பேன். அவரிடம் கதைதான் இருக்கிறது, என்னிடம் பந்து இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அதில் சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் கதைக்கு ஆள் கூடுகிறது, பந்தை நான் ஒருத்திதான் பார்க்கிறேன்.

அதனால்தான் எழுதினேன். இதை டைப் அடிக்கப் போவது என் மருமகள். இந்த இடத்துக்கு வரும்போது எழுந்து வந்து என்னைப் பார்ப்பாள், தெரியும். பெட்டிச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது, கேட்டால் தருகிறேன். பத்தாம் வருட விழாவுக்கு அதை எடுத்துவருகிறேன். நீல நாற்காலியையும் கொண்டுவருவேன், அதில் நான்தான் உட்காருவேன்.

எத்தனை ரன், எத்தனை விக்கெட், எந்த ஓவரில் யார் அடித்தது என்பதெல்லாம் நான் காதால் கேட்டதுதான். பார்த்தவர்கள் யாராவது சரிபார்த்து, தப்பு இருந்தால் திருத்திப் போடுங்கள். சிக்ஸர் என்பதில் சந்தேகமே வேண்டாம், கோட்டுக்கு வெகுதூரம் வெளியேதான் கார்கள் நின்றன. பந்து விழுந்த இடத்தை மட்டும் யாரும் திருத்த வேண்டாம்.