கயிறு பிடித்த கையில் கியர்

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்சை இழுங்க, அசையாதீங்க, போகலாம்" என்று சொல்லி ஆளை அனுப்பிவிடுவதோடு என் பேச்சு முடிந்தது. உட்கார்ந்து ஒருவரைப் புகழ்வதெல்லாம் எனக்குப் பழக்கமில்லை. அதிலும் அண்ணியை நாத்தனார் புகழ்வதா என்று சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளட்டும். கண்ணால் பார்த்ததைச் சொல்ல எனக்கென்ன பயம்?

என் அண்ணன் டீசல் மெக்கானிக். எஞ்சின் பாழாகி யாரோ கைகழுவிவிட்ட ஒரு பழைய மோட்டார் யாட்டை வாங்கி, ராப்பகலாக அதனோடு மல்லுக்கட்டி ஓட வைத்தான். யாட் என்றதும் வெள்ளைத் தொப்பி, கண்ணாடிக் கோப்பை என்றெல்லாம் கற்பனையை ஓடவிட வேண்டாம். உள்ளே இருக்கிற ஒரே அறையில் காலை நீட்டிப் படுத்தால் பாதம் அடுப்படியில் இருக்கும். ஆனால் எஞ்சின் இரண்டு. விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாக ஏற்றிக்கொண்டு போய்க் கடலைக் காட்டிக் கூட்டிவருவான்.

அண்ணி படகுத்துறைக்கு எதிரே கடை வைத்து, படகுகளுக்கு மெத்தை உறையும் கூரைத் துணியும் தைக்கிறவள். எங்கள் படகில் அவளுக்கு வேறு வேலை. கயிறு பிடிப்பது. கல்யாணமான நாளிலிருந்து அதுதான். படகைக் கரை சேர்ப்பது காரை நிறுத்துவது மாதிரி இல்லை. பிரேக் கிடையாது. நிறுத்தினாலும் நகரும், காற்று ஒரு பக்கம் தள்ளும், தண்ணீர் ஒரு பக்கம் இழுக்கும். அந்த நேரத்தில் மிதவை மேடைக்குத் தாவி இறங்கி, அங்கே இருக்கிற இரும்புக் கொம்பில் கயிற்றைச் சுற்றிக் கட்டுகிறவர் சுதாரிப்பாக இருக்க வேண்டும். அண்ணி அப்படித்தான் இருந்தாள். அண்ணன்தான் காட்டுக் கத்தலாகக் கத்துவான்.

"கயிறு! கயிறு! ஏய், என்ன, தூங்குறியா? கயிறுன்னா கயிறு!"

துறையே வேடிக்கை பார்க்கும். அவனுக்கு அங்கே 'மைக்செட்' என்று பெயர். படகு எப்படியோ டமால் என்று மேடையில் இடித்து நிற்கும், அவன் வெற்றி வீரன் போல எஞ்சினை அணைப்பான். அண்ணி முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொள்வாள். எனக்குத்தான் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த அண்ணன் ஒரு நாள் பட்டறையில் ஏணி சறுக்கி விழுந்தான். அவன் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்தவள் நான்தான். படத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, இனி இவன் நிற்க மாட்டான். எங்கள் படகை நின்றுகொண்டுதான் ஓட்ட முடியும். சக்கர நாற்காலி வந்தது. பட்டறை போனது. வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தவனிடம் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. சாயங்காலம் ஆனால் அண்ணி அவனைத் துறைக்குத் தள்ளிக்கொண்டு போவாள். எங்கள் படகு உள்வரிசையில் இருந்ததால் மேடையும் படகும் ஒரே மட்டம். ஒரு பலகையைப் போட்டு அவனை ஏற்றிவிடுவோம். அங்கே போய்ப் பின்பக்க மெத்தையில் உட்கார்ந்தால்தான் அவன் வாயைத் திறப்பான். போகிற வருகிற படகையெல்லாம் குறை சொல்வான். அவன் குறை சொல்ல ஆரம்பித்தால் எங்களுக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும்.

அந்த ஒன்றுக்கும் வேட்டு வைக்கிற மாதிரி துறை மேலாளர் அண்ணி முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ஓடாத படகுக்கு உள்வரிசையில இடம் கிடையாது. விதி அதுதான். வெளியில மிதவைக்கு மாத்தியாகணும்."

வெளி மிதவை என்றால் நடுத் தண்ணீரில். சின்னத் தோணியில் போய், கயிற்று ஏணியில் தொற்றி ஏற வேண்டும். அண்ணன் அதில் இந்த ஜென்மத்தில் ஏறப்போவதில்லை. ஓட்டுவதற்கு ஆள் வைத்துப் பார்த்தோம். வந்தவன் பாவம், மைக்செட்டின் வாய்க்கு முன்னால் ஒரு மதியம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணி சாதாரணமாகச் சொன்னாள். "நான் ஓட்டுறேன்."

அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. "நீயா? உனக்கு சைக்கிளே ஓட்ட வராது!"

"சைக்கிள்ல உங்களை ஏத்திட்டுப் போகணும்னா அதையும் கத்துக்குவேன். தண்ணி குடிங்க."

துறை மேலாளரிடம் போய்க் கேட்டாள். அவர் நல்ல மனுஷன். உரிமத் தேர்வை முதலில் முடிக்கட்டும் என்றார். பிறகு காற்றடிக்கிற ஒரு நாளில் அவர் கண் முன்னால் படகை வெளியே எடுத்துப்போய், தானே உள்ளே கொண்டுவந்து நிறுத்த வேண்டும், நிறுத்திவிட்டால் இடம் அவளுக்கு. "காத்தில்லாத நாள்ல குழந்தைகூடக் கொண்டுவந்துடும்மா. எனக்குக் காத்துல பார்க்கணும்," என்றார். படித்து எழுதுகிற தேர்வை அண்ணி தையல் மிஷின் முன்னால் புத்தகத்தை நிறுத்தி வைத்துக்கொண்டே முடித்துவிட்டாள். கரை சேர்ப்பதுதான் பாக்கி.

முதல் நாள் கூத்தைச் சொல்கிறேன். அண்ணி சுக்கானில். கயிறு என் கையில். அண்ணன் மேடையில் நாற்காலியில். வெளியே போனது, ஒரு சுற்றுச் சுற்றியது எல்லாம் பிரமாதம். திரும்பி உள்ளே வரும்போது நான் கயிற்றைச் சிக்கலாக்கிக்கொண்டு முழிக்க, மேடையிலிருந்து அண்ணன் பழைய குரலில் கத்தினான்.

"கயிறு! கயிறு!"

அவ்வளவுதான். அண்ணி சுக்கானை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். என் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினாள். மேடைக்குத் தாவினாள். கொம்பில் சுற்றி, அழகாக ஒரு முடிச்சுப் போட்டு நிமிர்ந்தாள். நிமிர்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. படகு கியரில் இருக்கிறது, ஓட்டுகிறவள் கரையில் நிற்கிறாள். உள்ளே இருப்பது நான் ஒருத்திதான். எனக்குத் தெரிந்த ஒரே மிஷின் எக்ஸ்ரே மிஷின்.

"நியூட்ரல்! நியூட்ரல் போடு!" என்று அண்ணன் அலற, "அது எங்கேடா இருக்கு?" என்று நான் அலற, முன்பக்கம் கட்டுண்ட படகு பின்பக்கத்தை வீசிக்கொண்டு போய்ப் பக்கத்துப் படகில் கரகரவென்று உரசியது. பக்கத்துப் படகு ஒரு பல் டாக்டருடையது. அவர் அதில்தான் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அண்ணி மறுபடி உள்ளே பாய்ந்து கியரை எடுத்தாள். எங்கள் மானம் கப்பலேறி, ஊரைச் சுற்றி, இறங்கியும் ஆயிற்று.

வேறு யாராவது என்றால் அன்றோடு சாவியைத் தூக்கிக் கொடுத்திருப்பார்கள். அண்ணி டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டு, சிராய்ப்பைத் தன் கையாலேயே தேய்த்துச் சரிசெய்து, அவர் படகுக்குப் புதுக் கூரைத் துணி ஒன்றும் தைத்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள்:

"எனக்கு ஓட்டத் தெரியாம இடிக்கல. அவர் குரலைக் கேட்டதும் கால் தன்னால ஓடிடுச்சு. முதல்ல இந்தக் காலை நிறுத்தணும்."

நிறுத்தினாள். எப்படி என்கிறீர்கள்? தையல் கடையில் கட்டுகிற ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, அதன் நாடாவைச் சுக்கானுக்குப் பக்கத்துக் கம்பியில் முடிந்துகொண்டாள். ஓட நினைத்தால் நாடா இழுக்கும். துறையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் "என்னம்மா, படகையும் சேர்த்துத் தைச்சுட்டீங்களா?" என்று கேட்டான். எனக்குச் சுள்ளென்று வந்தது. அண்ணியோ, "உன் வாய்க்கும் ஒரு தையல் போடவா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

கற்றுக்கொடுக்க அண்ணனால் முடியவில்லை. அவனுக்குக் கை செய்யும், வாய்க்குச் சொல்லத் தெரியாது. ஏன் என்று கேட்டால் "அது அப்படித்தான்" என்பான். அண்ணி படகிடமே கேட்டுக்கொண்டாள். கடலில் மிதக்கிற ஒரு பழைய டிரம்முக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவாள். எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்ப்பாள். மறுபடி போவாள், மறுபடி வருவாள். சுக்கானை நேராக வைத்துவிட்டு அதைத் தொடாமலே, வலது எஞ்சினை முன்னால், இடதைப் பின்னால் போட்டால் படகு நின்ற இடத்திலேயே இடது பக்கம் திரும்பும் என்று கண்டுகொண்டாள். கியரைப் போட்டு உடனே எடுக்க வேண்டும், போட்டு எடுக்க வேண்டும். "மூலையில ஒவ்வொரு தையலாப் போடுவேன்ல, அதேதான்," என்றாள். நான் அவளோடு சும்மா நின்றேன், அவ்வப்போது வாந்தியெடுத்தேன்.

அவள் செய்ததில் அண்ணனுக்கு அறவே பிடிக்காதது ஒன்று இருந்தது. வருகிற கோணம் சரியில்லை என்று பட்டால் பாதியிலேயே பின்னால் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பிறகு புதிதாக வருவாள்.

"இது என்ன பழக்கம்? வந்தா வந்துடணும். திரும்பித் திரும்பிப் போனா பார்க்கிறவன் என்ன நினைப்பான்?" என்று அண்ணன் குதித்தான். அவன் வாழ்நாளில் ஒரு தரம்கூடத் திரும்பிப் போனவன் இல்லை. அதனால்தான் டமால்.

"பார்க்கிறவனா வந்து படகைத் தேய்ச்சுக் கொடுக்கப் போறான்?" என்றாள் அண்ணி.

துறை மேலாளர் சொன்ன மாதிரியே காற்று அடித்த நாள் வந்தது. கொடிகள் படபடவென்று அடித்துக்கொண்டன. எங்கள் மேடைப் பக்கமிருந்து வீசி, படகை டாக்டர் படகின் மேல் கொண்டுபோய்த் தள்ளுகிற காற்று. டாக்டர் தன் படகில் இருக்கிற ரப்பர் உருளைகளையெல்லாம் எங்கள் பக்கமாகத் தொங்கவிட்டுவிட்டு நின்றார். மேடை முழுக்க ஆள். அண்ணன் மேலாளருக்குப் பக்கத்தில். அவன் முகத்தை நான் படகிலிருந்தே பார்த்தேன். இன்று இந்த இடம் போனால் சாயங்காலங்களும் போகும், மறுபடி சுவர்தான் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். படகின் நடுவில் கட்டியிருந்த கயிற்றை எடுத்து வைத்துக்கொண்டேன்.

முதல் தரம் பாதி தூரம் வந்தபோது காற்று படகின் மூக்கை வாரி இடது பக்கம் அடித்தது. அண்ணி இரண்டு கியரையும் பின்னால் போட்டு வெளியே எடுத்தாள். மேடையில் ஒரு முணுமுணுப்பு. அடுத்த தரம் இன்னும் நெருங்கினாள்.

"விடாதே! வேகத்தைக் கூட்டு! வா, வா, வந்துட்டே!" என்று மைக்செட் முழங்கியது. எனக்கே வந்துவிடலாம் என்று தோன்றியது. அவள் மறுபடி வெளியே எடுத்தாள். யாரோ சிரித்தார்கள். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அண்ணி, எல்லாரும் பார்க்கிறாங்க," என்றேன். அழுகையே வந்துவிட்டது எனக்கு.

"பார்க்கட்டும். நல்லாப் பார்க்கட்டும். காத்து எவ்வளவு தள்ளுதுன்னு இப்பத்தான் எனக்குப் பிடிபட்டிருக்கு."

இந்தத் தடவை மேடையின் முனையை ஒட்டி, இடித்துவிடுவாளோ என்கிற அளவுக்கு ஒட்டி, சாய்வாக வந்தாள். கியர் விழுந்தது, எடுத்தாள். விழுந்தது, எடுத்தாள். காற்று தள்ளத் தள்ள, படகு அவள் விட்டுவைத்திருந்த இடைவெளிக்குள் தானாக வந்து நேரானது. சத்தமே இல்லை. நடுப்பக்கக் கயிற்றோடு நின்ற நான் அதை வீச வேண்டியதே வரவில்லை. கையை நீட்டி, மேடை ஓரத்தில் இருந்த அண்ணன் மடியில் வைத்தேன். அவன் வாழ்க்கையில் கயிறு பிடித்ததில்லை. பேந்தப் பேந்த முழித்தான்.

"பக்கத்துக் கொம்புல ஒரு சுத்துப் போடுங்க. இழுக்க வேண்டாம், சும்மா பிடிங்க," என்றாள் அண்ணி. பிடித்தான். அவள் ஒரு எஞ்சினை மெல்ல முன்னால் போட, படகு கயிற்றில் சாய்ந்து மேடையோடு ஒட்டி நின்றது. டாக்டர்தான் முதலில் கை தட்டினார். நான் வெட்கமில்லாமல் அழுதேன். என் அண்ணியைப் போல ஒருத்தி இந்தத் துறையில் இல்லை என்று சற்று முன் சிரித்தவர்கள் காதில் விழுகிற மாதிரி சொன்னேன்.

மேலாளர் வந்து அண்ணியைப் பார்த்துக் கும்பிட்டார். "இடம் உங்களுதும்மா. யாரும் அசைக்க முடியாது. எஞ்சினை நிறுத்திட்டு இறங்குங்க."

அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "பலகையைப் போடுங்க. நான் போய் என் மெத்தையில உட்கார்றேன். போதும், எனக்கு இது போதும்."

அண்ணி எஞ்சினை நிறுத்தவில்லை. என்னைக் கீழே அனுப்பி, அறையிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னாள். நான் அதுவரை பார்த்திராத நாற்காலி. உயரமானது, இடுப்புக்கும் தோளுக்கும் பட்டை வைத்துத் தைத்தது, தையல் இரட்டை இரட்டையாக ஓடியது. அதைச் சுக்கானுக்குப் பக்கத்தில் வைத்து, தரையில் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த துளைகளில் திருகி இறுக்கினாள்.

அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "எதுக்கு இது?"

"கட்டின படகுல உட்கார்ந்திருக்கிறதுக்கா நான் இத்தனை பாடு பட்டேன்? உட்கார வீட்டுல சோபா இருக்குங்க." பலகையை அவளே எடுத்துப் போட்டாள். "ஏறுங்க. வெளிச்சம் இருக்கும்போதே கடலுக்குப் போயிட்டு வந்துடலாம்."