மாமா வேனுக்குச் செட் பூட்டிய கதை

எங்கள் ஊரில் ஒருவருக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டால் அடக்கம் செய்யும் மையவாடி வரைக்கும் அது கூடவே போகும். என் மாமாவுக்கு அப்படி ஒரு பெயர் இருக்கவில்லை. அவருடைய வேனுக்கு இருந்தது. கல்முனை பஸ் நிலையத்தில் நின்று ‘மையத்து வேன்’ என்று கேட்டால் பச்சைப்பிள்ளைகூட எங்கள் ஒழுங்கைக்கு வழி காட்டும்.

மாமா உம்மாவின் ஒரே தம்பி. எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் முடித்ததும் மாமியின் வீட்டுக்குக் குடிபோனவர். ஆனால் மாமி வீட்டு ஒழுங்கைக்குள் வேன் நுழையாது. ஆகையால் மாப்பிள்ளை அங்கேயும் வேன் எங்கள் வீட்டு வளவிலும் என்று குடும்பம் இரண்டாகப் பிரிந்திருந்தது. விடிந்ததும் மாமா வந்து எங்கள் குசினியில் தேத்தண்ணி குடித்துவிட்டு வேனைக் கழுவுவார். பிறகு என்னையும் இன்னும் சில பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, கிடைக்கிற வாடகை ஹயருக்குப் போவார்.

மையத்து என்றால் இறந்தவரின் உடல். அந்தப் பெயர் வந்த விதம் இதுதான். கொழும்பு ஆஸ்பத்திரியில் எங்கள் ஊரவர் யாராவது மௌத்தாகிவிட்டால், ஜனாஸாவை ஊருக்குக் கொண்டுவர மாமாவின் வேன்தான் போகும். பின் சீட்டுகள் இரண்டும் பக்கவாட்டில் மடியும். மடித்துவிட்டால் ஓர் ஆளைக் கிடத்துகிற அளவுக்கு நடுவில் இடம் வரும். அதற்கு மாமா ஹயர் வாங்குவதில்லை. நன்மையான காரியத்துக்குக் கூலி பேசினால் நன்மை பாதி வழியிலேயே இறங்கிவிடும் என்பது அவருடைய கணக்கு. டீசலை யாராவது அடித்துக் கொடுப்பார்கள். ஜனாஸா வந்து இறங்கிய வீட்டில் எல்லோரும் அவருடைய கையைப் பிடித்து துஆச் செய்வார்கள். அதே வீட்டில் பிறகு ஒரு கல்யாணம் வந்தால் வேறு வேனைப் பிடிப்பார்கள். மணமகன் ஏறும் வண்டியில் நேற்று யார் படுத்து வந்தார் என்று யோசிக்காமல் இருக்க முடியுமா? யாரும் அதை மாமாவிடம் நேராகச் சொல்லவில்லை. எங்கள் ஊரார் மரியாதை தெரிந்தவர்கள்.

மாமாவும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் நுவரெலியாவுக்கு ட்ரிப் போகப் பேசியிருந்த பொடியன்மார் கடைசி நேரத்தில் வேறு வேனுக்கு மாறிவிட்டார்கள். “அதுல நல்ல செட் இரிக்கி காக்கா, அதான்” என்றார்களாம். அன்று மாமா குசினிப் படியில் குந்தியிருந்து, தேத்தண்ணி ஆறும்வரை குடிக்காமல் இருந்தார். வேன் நின்றால் மாமி வீட்டில் உலை ஏறாது. அதை அவர் சொல்லாமலே உம்மாவுக்குத் தெரியும்.

வேனில் பாட்டுப்பெட்டி இல்லாமல் இல்லை. ஜப்பானிலிருந்து வண்டியோடு வந்த ரேடியோ ஒன்று இருந்தது. அது ஜப்பான் நிலையங்களுக்கென்று செய்த சாதனம். எங்கள் நாட்டு நிலையங்களில் ஒன்றே ஒன்றைத்தான் பிடிக்கும், அதையும் கரகரவென்று, பொரியல் சட்டிக்குள் ஆள் இருந்து பேசுவதைப் போல. சாவியைத் திருப்பினால் உள்ளேயிருந்து ஒரு பெண் ஜப்பான் மொழியில் மென்மையாக ஏதோ சொல்வாள். மாமா ஒவ்வொரு முறையும் “வஅலைக்கும் ஸலாம்” என்று பதில் சொல்வார். அவள் ஸலாம்தான் சொல்கிறாள் என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன்.

ஒரு விடுமுறை நாளில் மாமா என்னையும் ஏற்றிக்கொண்டு அக்கரைப்பற்றுக்குப் போனார். வாகனங்களுக்குச் செட் பூட்டுகிற கடை. கடைக்காரர் சிரித்த முகம் உள்ளவர். டாஷ்போர்டின் முன்தகட்டை ஒரு பிளாஸ்டிக் கத்தியால் நெம்பிக் கழற்றி, ஜப்பான் ரேடியோவை வயர்களோடு வெளியே இழுத்துப் பத்திரிகையில் சுற்றி என் மடியில் வைத்தார். “அந்தப் பொம்புளையும் இதுக்குள்ளதான் இரிக்காவா?” என்று கேட்டேன். “ஓம், ஆனா இனிக் கதைக்க மாட்டா” என்றார் அவர்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. தொடுகிற கண்ணாடித் திரையோடு புதிய செட் வந்து அந்த ஓட்டையில் குந்தியது. கதவுகளின் அட்டையைக் கழற்றி, இருந்த வட்டத்தைப் பெரிதாக அரிந்து, உள்ளங்கையைவிடப் பெரிய ஸ்பீக்கர்களைப் பூட்டினார்கள். பெட்டரியிலிருந்து விரல் தடிப்பில் ஒரு சிவப்பு வயரைத் தரைவிரிப்புக்குக் கீழால் இழுத்து, முன் சீட்டுக்கு அடியில் வைத்த, சத்தத்தைப் பெருக்குகிற ‘அம்பு’க்குக் கொடுத்தார்கள். கடைசியாக வந்தது அந்தப் பெரிய பொக்ஸ். கறுப்புத் துணி போர்த்திய மரப்பெட்டி. நடுவில் சட்டி அளவுக்கு ஒரு ஸ்பீக்கர். அதை எங்கே வைப்பது என்பதில்தான் கடைக்காரர் கொஞ்சம் தயங்கினார்.

“காக்கா, இவடத்த இறுக்கினா பின் சீட் ரெண்டும் மடியாது. சீட்டுக்குக் கீழ வைக்கிற சின்னது ஒண்டும் இரிக்கி. சத்தம் கொஞ்சம் குறைவு.”

மாமா வேனின் பின்கதவருகில் நின்று அந்த நடு இடத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தரைவிரிப்பைத் தவிர அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

“மடிக்கத் தேவல்ல தம்பி. பெரிசையே இறுக்குங்க” என்றார்.

திரும்பி வரும்போது ஒலுவில் தாண்டியதும் மாமா சத்தத்தைக் கூட்டினார். என் நெஞ்சுக்குள் யாரோ உட்கார்ந்து ரபான் மேளம் அடிப்பதுபோல இருந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோசம். வகுப்பில் சிலர் என்னை ‘மையத்து வேன்ல வாறவ’ என்று சொல்லி மூக்கைப் பொத்திக் காட்டுவார்கள். இனி வரட்டும் பார்ப்போம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வேன் எங்கள் வளவுக்குள் நுழைந்தபோது கோழிகள் சிதறி ஓடின. கண்ணாடி அலுமாரியில் உம்மாவின் பீங்கான்கள் கலகலத்தன. உம்மா முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு வந்து, “கடல் அடிக்கிற சத்தம் ஒங்களுக்குக் காணாதா?” என்று கேட்டா. மாமா சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

செட் வேலை செய்தது. மனிதருடைய மறதிக்கு நல்ல சத்தம் ஒன்று போதும் போலிருக்கிறது. கல்யாண ஹயர் வந்தது, ட்ரிப் வந்தது. பொடியன்மார் பெயரை மாற்றி ‘செட் வேன்’ என்றார்கள். மாமாவுக்குப் பாட்டில் பெரிய விருப்பம் கிடையாது. ட்ரிப் போகும்போது இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு ஓட்டுவார் என்று மாமி சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. அவருக்குப் பிடித்தது வேறொரு வசதி. போனை வேனோடு இணைத்துவிட்டால் வருகிற அழைப்பெல்லாம் ஸ்பீக்கரிலேயே பேசும். மாமி “வரக்குள்ள முட்டை வாங்கிட்டு வாங்க” என்று சொன்னால் ஒழுங்கை முழுவதற்கும் கேட்கும். மாமா அதில் ஒரு பெருமையோடு, “ஓம் ஓம், வாங்கிட்டு வாறன்” என்று உரத்துச் சொல்வார்.

எங்கள் அடுத்த வளவில் சாச்சி ஒருவர் இருந்தா. சொந்தச் சித்தி முறை இல்லை, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்ததால் சாச்சி. அவவின் மகள் என்னோடு ஒரே வகுப்பு. அந்த மாரிமழைக்குப் பிறகு சாச்சியின் கணவருக்குச் சுகமில்லாமல் போய், கொழும்பு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். சாச்சியும் மூத்த மகனும் அங்கே போய் நின்றார்கள். மகளுக்கு எங்கள் வீட்டிலிருந்துதான் சாப்பாடு போகும்.

ஒருநாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மாமா எங்கள் வளவில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் சம்மாந்துறைக்குக் கல்யாண ஹயர். கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. நான் முன் சீட்டில் இருந்து திரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மாமா ஈரக்கையோடு வந்து திரையைத் தொட்டார்.

“தம்பி...” என்று சாச்சியின் குரல் நான்கு கதவிலிருந்தும் வந்தது. “புள்ளயள்ற வாப்பா மௌத்தாயிட்டாரு தம்பி.”

“இன்னாலில்லாஹி...” என்றார் மாமா.

“கடதாசி வேலையெல்லாம் முடியப்போவுது. நீங்க சுறுக்கா வந்தா ஏத்திட்டு வந்திரலாம். நீங்கதானே எங்கட ஊருக்கு எப்பவும் கொண்டு வாற. வேற ஆருக்கும் செல்லல்ல.”

வேலிக்கு அப்பால் கிணற்றடியில் வாளி ஒன்று விழுந்தது. சாச்சியின் மகள் வேலியோரம் வந்து நின்றாள். அவளுடைய வாப்பா மௌத்தான செய்தியை அவளுக்கு யாரும் பக்குவமாகச் சொல்லவில்லை. எங்கள் செட்தான் சொன்னது.

மாமா அவளைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை.

“ராத்தா... பின்னால பொக்ஸ் ஒண்டு பூட்டியிரிக்கன். சீட் மடியாது ராத்தா.”

“அப்ப ஏலாதா தம்பி?”

“நாளைக்குக் கல்யாண ஹயரும் ஒண்டு பாரமெடுத்திட்டன்...”

கொஞ்ச நேரம் ஸ்பீக்கர்களில் ஆஸ்பத்திரி மட்டும் கேட்டது. சில்லு வைத்த கட்டில் ஒன்று உருண்டு போனது. யாரோ சிங்களத்தில் ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். பிறகு சாச்சி சொன்னா: “சரி தம்பி. நீங்க என்ன செய்யிற. அல்லாஹ் லேசாக்குவான்.”

உம்மா குசினியிலிருந்து ஓடிவந்து அந்தப் பிள்ளையை வேலி இடைவெளிக்குள்ளால் இழுத்துக் கட்டிக்கொண்டா. மாமாவிடம் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

மாமா பின்கதவடியில் போய் நின்றார். ஸ்குரூ கழற்றும் சாவியை எடுத்தார். பொக்ஸைக் கழற்றுவது அப்படியொன்றும் பெரிய வேலையில்லை, இரண்டு ஸ்குரூ கழன்றும்விட்டது. அப்போது மறுபடி போன் அடித்தது. கல்யாண வீட்டார். மணமகனின் கூட்டாளிமார் விடியவே ஆயத்தமாக நிற்பார்கள், செட் நல்லாப் பாடுமா என்று கேட்டார்கள். மாமா “ஓம்” என்றார். கழற்றிய ஸ்குரூக்களைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு அவற்றைத் திரும்ப இறுக்கினார். அதன்பின் தனக்குத் தெரிந்த சாரதிமாருக்கெல்லாம் அழைத்து, சாச்சிக்காக வேன் கேட்டார். ஒருவருக்கும் வாய்க்கவில்லை. வேன்காரர் எல்லோருக்கும் பெயர் கெட்டுப்போகும் பயம் இருந்தது.

ஜனாஸா மறுநாள் அரிசி லொறியில் வந்தது. சம்மாந்துறை மில்லில் அரிசி ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய், வெறுமையாகத் திரும்புகிற லொறி. சாக்குகளை விரித்து அதன்மேல் கிடத்தியிருந்தார்கள். மூத்த மகன் வழிநெடுக அசையாமல் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். இறக்கும்போது வெள்ளைத் துணியெல்லாம் தவிடு. பெரியவர்கள் பேசாமல் கையால் தட்டித் தட்டி விட்டார்கள். அந்தத் தவிட்டு வாசம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அந்த நேரம் மாமா சம்மாந்துறையில் மணமகனை ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் திரும்பி வந்தபோது அடக்கம் எல்லாம் முடிந்திருந்தது. வேனை வளவில் விட்டுவிட்டு நேரே மையவாடிக்கு நடந்தார். ஈர மண்ணருகில் தனியே நின்று துஆச் செய்ததாகப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் உம்மாவிடம் சொன்னார்.

சில நாட்களில் மாமா பொக்ஸைக் கழற்றினார். திரையையும் அம்பையும் ஸ்பீக்கர்களையும் சேர்த்துக் கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டார். பழைய ரேடியோவைத் திரும்பப் பூட்டிப் பார்த்தார், அது வேலை செய்யவில்லை. கதவில் பெரிதாக அரிந்த வட்டங்களை அட்டையால் மூடினார். மோதினாரிடம் போய், “வேன் பழையபடி இரிக்கி, தேவைப்பட்டா எந்த நேரமும் செல்லுங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். “ஓம் தம்பி, செல்றன்” என்றார் மோதினார்.

செட் இல்லாததால் கல்யாண ஹயர் நின்றது. ஜனாஸாவுக்கும் யாரும் அழைக்கவில்லை. கோபம் ஒன்றுமில்லை. மாமாவுக்கு ஏன் சங்கடம் கொடுக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார்கள். பிறகு ஊரார் சேர்ந்து பள்ளிக்கென்றே ஒரு ஜனாஸா வாகனம் வாங்கினார்கள். சாச்சி விதவைக்குரிய இத்தாக் காலத்தை முடித்து வெளியே வந்த பிறகு மாமாவோடு முன்போலவே கதைத்தா. நோன்பில் அவருக்கென்று தனியாகக் கஞ்சி கொடுத்தனுப்பினா. மாமா அதை என் கையிலிருந்து வாங்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் போகுமுன் மாமா வேனின் பின் சீட்டுகளை மடிப்பார். தரையைத் துடைப்பார். யாரும் கேட்காத அந்த இடத்தைக் கொஞ்சம் பார்ப்பார். பிறகு சீட்டுகளை விரித்துவிடுவார். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை நான் பக்கத்தில் நின்றேன். வகுப்பில் என்னைப் பார்த்து மூக்கைப் பொத்துவதை எல்லோரும் விட்டிருந்தார்கள். அந்தச் சந்தோசத்தை மாமாவோடு பகிர வேண்டும் போலிருந்தது.

“மாமா, இனி ஒருத்தரும் நம்மட வேன மையத்து வேன் எண்டு செல்றல்ல. ஒங்களுக்குச் சந்தோசம்தானே?”

மாமா துணியைப் பிழிந்தார். “ஓம் மகள்” என்றார். “சந்தோசம்தான்.”

நான் துள்ளிக்கொண்டு உம்மாவிடம் ஓடினேன். பெரியவர்கள் ‘ஓம்’ என்று சொன்னால் அது ஓம்தான் என்று நான் நம்பியிருந்த வயது அது.